வேறு யாரிடமும் இல்லாத சேலை

"இதே மாதிரி வேற பீஸ் இருக்காம்மா?"

சிரம்பானில் எந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தாலும் அண்ணி கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைப்பெண்ணின் முகம் மலர்ந்துவிடும். அக்கா தங்கைக்கெல்லாம் சேர்த்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

"நெறைய இருக்குக்கா! இதே டிசைன்ல ஆறு கலர் வந்திருக்கு. ரெண்டு வாரமா இதான் ஓடிக்கிட்டு இருக்கு."

அவ்வளவுதான். அதுவரை முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கன்னத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சேலையை, நனைந்த பூனையை இறக்கி விடுவதுபோல மேசையில் வைத்துவிடுவார்.

"அப்ப வேணாம்மா. அதான் எல்லாரும் வாங்கிக்கிறாங்களே."

அந்தப் பெண் என்னைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் தொங்கும் விலைச்சீட்டைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொள்வேன். என்னுடைய எத்தனையோ சனிக்கிழமைகள் இப்படித்தான் போயின.

என் மூத்த அண்ணனின் மனைவி அவர். அண்ணன் பெடாஸ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் வேலையில் இருந்தார். தோட்டத்திலேயே வீடு. அண்ணி சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். நானும் அம்மாவும் தம்பியும் சிரம்பானில் குடியிருந்தோம். எனக்கு நீலாயில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறு ஓய்வு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சொந்தமாக ஒரு சின்னக் கார், எங்கள் பேச்சில் காடி, வைத்திருந்தேன். இவையெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் அண்ணியின் கடைப்பயணங்கள் என் தலையில் விழுந்தன.

அண்ணனுக்கும் காடி ஓட்டத் தெரியும். கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். "ஒன் அண்ணிய கடைக்கு கூட்டிட்டு போறதுக்கு நான் ரெண்டு ஷிப்டு சேத்து பாத்துட்டு போயிடுவேன் லா."

ஆரம்பத்தில் நான் ஆசையாகத்தான் போனேன். அண்ணிக்குத் தெரிந்த சிரம்பான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன தெருவிலேயே, ஒரு முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் ஒரு பெண் சேலைகளுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். நீலாயில் ஒருவர் வீட்டில் காடி நிறுத்தும் இடத்தையே திரை போட்டு மறைத்து பூட்டிக் ஆக்கியிருந்தார்கள். நாயைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரெம்பாவில் ஒரு மலாய் அம்மா வீட்டுக் கொல்லையில் சட்டம் போட்டு, துணியில் மெழுகால் பூ வரைந்து சாயமேற்றும் பாத்தேக் எழுதினார். இவை எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. எல்லாவற்றையும் அண்ணி வாய்விசாரணையிலேயே கண்டுபிடித்திருந்தார்.

அவர் விசாரிக்கும் விதம் இன்னும் மோசம். கோயில் வரிசையில், கிளினிக்கில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில், யார் நன்றாக உடுத்தியிருந்தாலும் நேராகப் போய்க் கேட்பார். "ரொம்ப நல்லா இருக்கு. எங்க வாங்குனீங்க?" அவர்களும் பூரித்துப்போய்க் கடையின் பெயர், இடம், எந்த நாளில் புதுச் சரக்கு வரும் என்பதுவரை சொல்வார்கள். அண்ணி நன்றி சொல்லிவிட்டு வருவார். அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் பெயரைக் கேட்டதே.

இணையத்தில் சேலை விற்பவர்களின் நேரலைகளிலும் இதே கதைதான். சேலையைத் தூக்கிக் காட்டியதும் "எத்தனை பீஸ்?" என்று எழுதுவார். முப்பது என்று பதில் வந்தால், "அப்ப முப்பது பேரு இத கட்டுவாங்களா?" என்று எல்லோரும் பார்க்க மறுபடியும் எழுதுவார். இரண்டு கடைக்காரர்கள் அவரைத் தடுத்துவிட்டார்கள். பிறகு என் கணக்கிலிருந்து எழுதினார். என்னையும் தடுத்துவிட்டார்கள்.

அவர் வாங்கிய ஒரு சேலையை வேறு யாரிடமாவது பார்த்துவிட்டால் அன்றோடு அது செத்தது. மடித்து, பையில் போட்டு, அடுத்த சனிக்கிழமை என் மடியில் வைப்பார்.

"எல்லாரும் கட்டுறதுதான். நீ கட்டிக்க கலா."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. என் அலமாரி நிறைய நல்ல நல்ல சேலைகள். ஒவ்வொன்றும் எனக்குப் போதும் என்று தள்ளிவிடப்பட்டது. அலுவலகத்தில் யாராவது "ஒங்க டேஸ்ட்டே தனி கலா" என்று சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

தோட்டத்தில் அப்போதே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். ஆனால் திருவிழாவன்று வெளியே போனவர்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடுவார்கள். அந்த வருஷம் அண்ணன் பால்குடம் எடுத்தார். அண்ணி கூடவே நடந்து, சூடான தார்ச்சாலையில் அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். அண்ணி கடுகு மஞ்சளில் ஊதாக் கரை போட்ட புதுச் சேலை கட்டியிருந்தார். உண்மையிலேயே அழகான சேலை. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் கிள்ளான் வரை போய்வந்திருந்தோம்.

ஊர்வலம் கிளம்பும் நேரம். கோயில் தலைவரின் மனைவி காடியிலிருந்து இறங்கினார். கடுகு மஞ்சள். ஊதாக் கரை.

அண்ணி தண்ணீர்க் குடத்தை என் இடுப்பில் வைத்தார். "இத புடி. வந்துடறேன்." செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகப் போய்விட்டார்.

நான்தான் அண்ணன் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தேன். தலையில் குடம் இருந்ததால் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"எங்க அவ?"

"வூட்டுக்கு போயிருக்காங்க."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"சேலை சரியில்ல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அபிஷேகம் முடிந்து பந்தி போடும் நேரத்தில் அண்ணி வேறொரு சேலையில் வந்து சேர்ந்தார். வியர்த்து வழிந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தலைவரின் மனைவி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "மொதல்ல வேற சேலையில பாத்த மாதிரி இருந்துச்சே" என்றார்.

"அது நீங்களா இருக்கும்க்கா" என்றார் அண்ணி.

ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏன் அண்ணி இப்படி இருக்கீங்க?"

அண்ணி கோபப்படவில்லை. சின்ன வயசைப் பற்றிச் சொன்னார். தீபாவளிக்கு அவருடைய அப்பா துணிக்காரரிடம் ஒரு முழுக்கட்டுத் துணியாக வாங்கிவிடுவாராம். ஐந்து பெண்களுக்கும் அதிலேயே பாவாடை. மிச்சத்தில் ஜன்னலுக்குத் திரை.

"ஜன்னலு பக்கத்துல நின்னா நாங்க இருக்கறதே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு விளங்கிவிட்டதுபோல இருந்தது. "ஓ, அதனாலதான் இப்ப..."

"எதனால? அந்தத் துணி எனக்கு ரொம்ப பிடிக்கும் லா. நீல பூ போட்டது." என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒனக்கு ஒரு காரணம் வேணும். பாத்து ஓட்டு, முன்னால லாரி."

அவர் மனம்விட்டுப் பேசிய ஒரே வியாபாரி ரெம்பாவிலிருந்த அந்த மலாய் அம்மாதான். "சத்து சாஜா கா, காக்?" என்று அண்ணி கேட்பார். ஒன்றுதானா, அக்கா? அந்த அம்மா எழுதுகோலை மெழுகில் தோய்த்தபடி, இதே பூவை இன்னொரு தடவை எழுதச் சொன்னால் தனக்கே வராது என்பார். கை அன்றைக்கு எப்படிப் போகிறதோ அப்படித்தானாம். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். நான் கொல்லையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டு, மதியச் சாப்பாடு தப்பிப்போனதை நினைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் சிரம்பானில் உள்ளூர் பூட்டிக் நடத்துபவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மண்டபத்தில் ஆடை அலங்காரக் காட்சி வைத்தார்கள். உயரமான பெண்கள் பாட்டுக்கு நடந்து வந்தார்கள். பின்னால் வரிசையாகக் கடைகள். அங்கேதான் நீலாய்க்காரப் பையன் ஒருவன் தானே வடிவமைத்த சேலையை விரித்துக் காட்டினான். இலைப்பச்சைப் பட்டு. கரையில் மலாய்க்காரர்களின் சொங்கெட் சரிகை.

"வேற பீஸ் இருக்கா தம்பி?"

"இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு."

அண்ணி விலையைக்கூடக் கேட்கவில்லை. அங்கேயே மறைவில் போய்க் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பையன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அண்ணி முந்தானையை விரித்து நின்றார். அவ்வளவு பெருமையாக அவர் நின்று நான் பார்த்ததில்லை.

தீபாவளி முடிவதற்குள் அதே சேலையைப் பெரிய கடைத்தொகுதியின் நகரும் படிக்கட்டில் ஒரு பெண் கட்டிக்கொண்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி கீழே இறங்கினாள். அண்ணி என் கையை இறுக்கினார். நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நீலாய்.

"ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னியே தம்பி?"

"அன்னைக்கு ஒண்ணுதான்க்கா இருந்துச்சு. சத்தியமா!" பையன் கைபேசியை எடுத்துக் காட்டினான். "நீங்க கட்டுன போட்டோவ போட்டேன். அத பாத்துட்டுத்தான் எல்லாரும் இதே வேணும், இதே வேணும்னு கேட்டாங்க. எனக்கே தாங்கல. ஒங்களாலதான்க்கா எனக்கு இந்தத் தீபாவளியே!"

அண்ணி அந்தப் படத்தையும் அதன் கீழே கேட்டு எழுதியிருந்தவர்களின் நீளமான வரிசையையும் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். திட்டவில்லை. திரும்பும்போது மந்தின் ஊர் தாண்டும்வரை அந்தச் சேலை இருந்த பையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே வந்தார்.

"என்னப் பாத்து வாங்குனாங்களாம்" என்றார்.

"ஆமா அண்ணி."

இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"படுபாவிங்க" என்றார். பையை என் பக்கம் தள்ளினார். "நீ கட்டிக்க."

இவையெல்லாம் எரிச்சல்தான். சிரித்துவிட்டுப் போகலாம். தம்பியின் கல்யாணத்தில் வந்தது சிரிக்க முடியாதது.

மணப்பெண் பாஹாவ் ஊர்க்காரி, பள்ளி ஆசிரியை. தங்கமான பெண். அவளுடைய அம்மாவுக்கு ஓர் ஆசை. இரு வீட்டுப் பெண்களும் ஒரே நிறத்தில் ஒரே சேலை கட்டி மேடையில் நிற்க வேண்டும். இப்போதெல்லாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் நடப்பதுதான். வெளிறிய ஆரஞ்சு நிறம். எங்கள் அம்மா அதைப் 'பழுத்த பப்பாளி' என்றார். ஆளுக்கொரு பையில் பெயர் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணி பையைப் பிரித்தார். துணியைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி. வேலையும் சுத்தம்" என்றார். மறுபடியும் மடித்துப் பையில் போட்டு, அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

"என்னா, அளவு சரியில்லையா?" என்றார் அம்மா.

"நான் வேற கட்டிக்கிறேன் அத்தை."

அம்மாவுக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. "ஏம்மா, இந்த வூட்டுக்கு நீதான் மூத்த மருமக. நீ மட்டும் வேற மாதிரி வந்து நின்னா, வர்ற புள்ளைய ஒனக்குப் புடிக்கலன்னு அவங்க நெனைக்க மாட்டாங்களா?"

"புடிக்கலன்னா விடியகாலையில வந்து நான் எதுக்கு வேல செய்யப்போறேன்? எவ்வளவு வேல வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன்."

"வேலைய யாரு கேட்டா? ஒரு சேலைய கட்டுன்னுதான் கேக்கறேன்."

"அது மட்டும் வேணாம் அத்தை."

அம்மாவின் குரல் உயர்ந்தது. "கம்பெனில அஞ்சு நாளும் எல்லாரும் ஒரே நீலச் சட்டைதான போடுறீங்க? அங்க வாயத் தொறந்தியா?"

அண்ணி சற்று யோசித்தார். "அங்க சம்பளம் குடுக்கறாங்க அத்தை."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மா அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே சொன்னார், "அப்ப நீ போட்டோவுல நிக்காத. நிக்கவே நிக்காத."

"சரி அத்தை."

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? பெண் எனக்குக் கைபேசியில் அழைத்து, அவள் அம்மா மனம் நொந்துபோயிருப்பதாகச் சொன்னாள். நான் தோட்டத்துக்குப் போனேன். அண்ணி மீன் பொரித்துப் போட்டார், இரண்டு தடவை பரிமாறினார், பேச்சை எடுத்தால் மட்டும் கதவைச் சாத்தியதுபோல் இருப்பார். சிரம்பானுக்குத் திரும்பினால் அம்மா. "அவளப் பத்திப் பேசறதா இருந்தா எங்கூட பேசாத." ஒரு சேலை. ஐந்தரை மீட்டர் துணி. இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கல்யாணத்தன்று அண்ணி சொன்னபடியே முதல் ஆளாக மண்டபத்துக்கு வந்துவிட்டார். கருநீலத்தில் சின்னதாக வெள்ளைப் புள்ளி வைத்த சேலை. கண்ணை உறுத்தும்படி ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் அப்படி அடக்கமாகக் கட்டியிருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அது என்ன ஆயிற்று என்றால், மண்டபம் முழுவதும் பப்பாளி நிறத்தில் பெண்கள். யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. பூக்காரர் ஒரு பப்பாளியிடம் கேட்டால் அவர் இன்னொரு பப்பாளியைக் காட்டுவார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தார்கள். "அந்த நீலச் சேலை அக்காகிட்ட கேளுங்க." தேங்காய் எங்கே, ஐயருக்குக் காபி எங்கே, பஸ்ஸில் வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது, எல்லாம் நீலச் சேலை அக்காதான். பெண்ணின் அம்மாவே மோதிரம் வைத்த பையைக் காணோம் என்று அவரிடம்தான் ஓடி வந்தார்.

தாலி கட்டி முடிந்தது. குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையேறினோம். தம்பி மாலையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி எங்க?"

நான் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன். அண்ணி இலை வரிசைக்கு நடுவே நின்று யாருக்கோ பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி. தம்பி கூப்புடுறான்."

"அத்தை வேணாம்னு சொன்னாங்கல்ல."

"அது கோவத்துல சொன்னது."

"கோவத்துல சொன்னாலும் சொன்னதுதான். நீ போ, ஒன்ன தேடுவாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. போய் நில்லு."

அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டப்பட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மூத்த மருமக எங்க, காணோம்?" நாங்கள் அத்தனை பேர் பளபளவென்று நிற்கிறோம். எங்களை யாரும் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் "அவ உள்ள வேலையா இருந்தா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவார்.

அதற்குப் பிறகு அம்மாவும் அண்ணியும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. தோட்டத்திலிருந்து அண்ணி முருங்கைக்கீரை கொடுத்தனுப்புவார். அம்மா பதிலுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்புவார். இரண்டையும் சுமந்து போவது நான். மாதக்கணக்கில் போனது.

பிறகு அண்ணிக்கு வயிற்றுவலி வந்தது. தொழிற்சாலையில் மயங்கி விழுந்துவிட்டார். கர்ப்பப்பையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அண்ணி யாரிடமும் பேசியதில்லை. அப்போதும் பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பார்வை நேரத்தில் நான் போனபோது, அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வரிசையாகக் கட்டில்கள். எல்லாப் பெண்களும் வெளுத்துப்போன ரோஜா நிறத்தில் ஒரே ஆஸ்பத்திரி உடை. முதல் நடையில் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரும்போதுதான் ஜன்னலோரக் கட்டிலில் அண்ணி என்று தெரிந்தது. தலைமுடியை நர்ஸ் மிஸ்ஸி யாரோ இழுத்துக் கட்டிவிட்டிருந்தார்.

நான் பேச்சுக்காக, "இந்தச் சட்டைய எப்படி அண்ணி போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றேன். ஒரு வசவு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான் கலா" என்றார். "எத போட்டா என்னா?"

அத்தனை வருஷமாக இந்த வார்த்தைகளைத்தான் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் தவம் கிடந்தேன். அன்றைக்கு வராண்டாவில் போய் நின்று அழுதேன்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா மறுநாள் காலையில் பசார் சந்தைக்குப் போய், அறுவைக் காயம் ஆற்றும் என்று விரால் மீன் வாங்கி வந்து சூப் வைத்தார். தூக்குச்சட்டியோடு என் காடியில் ஏறி உட்கார்ந்தார்.

வார்டுக்குள் நுழைந்த அம்மா நேராக அண்ணியின் கட்டிலுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணியை நிதானமாகத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எதிர்க் கட்டில்காரிக்கும் கேட்கும் குரலில் சொன்னார்.

"இப்பதான் பாக்க லட்சணமா இருக்க. எல்லாரையும் மாதிரி."

"அம்மா!" என்று அதட்டினேன்.

"என்னாடி? உள்ளததான சொல்றேன். அந்தம்மா, இந்தம்மா, இவ, மூணு பேரும் ஒரே வூட்டு புள்ளைங்க மாதிரி இருக்காங்க. இந்த நெறம் இவளுக்கு நல்லாதான் இருக்கு. வூட்டுக்கும் இதையே கேட்டு வாங்கிட்டுப் போயிடலாம்."

அண்ணி ஜன்னல் பக்கமிருந்து முகத்தை மெதுவாகத் திருப்பினார். அம்மாவைப் பார்த்தார். எதிர்க் கட்டில் அம்மாவைப் பார்த்தார். குனிந்து தன் மேலிருந்த உடையைப் பார்த்தார். அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கழுத்துப்பட்டியை விரலால் தூக்கி, உள்தையலைத் திருப்பினார்.

அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து சூப்பை ஊற்றினார். வேண்டுமென்றுதான் அப்படிப் பேசினாரா, மனதில் இருந்ததைக் கொட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் இரண்டையும் மறுப்பார்.

அண்ணி நாலு கரண்டி குடித்தார். பிறகு, "கலா" என்றார். "மிஸ்ஸிகிட்ட கேளு, வூட்டு சட்டை போட விடுவாங்களான்னு."

முன்பக்கம் பொத்தான் வைத்து, வயிற்றில் இறுக்காமல் இருந்தால் போடலாம் என்று மிஸ்ஸி சொன்னார். அப்படி ஒன்று அண்ணியிடம் இல்லை. வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிஷ வேலை என்றுதான் கிளம்பினேன். முதல் கடையில் தொளதொளவென்ற பாத்தேக் கப்தான் அங்கி ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"அது வேணாம். எதிர் கட்டில் அம்மா பைக்குள்ள அதேதான் இருக்கு. பாத்தேன்."

இரண்டாவது கடையில் ஒன்று.

"பின்னால வரிசையா அதே தொங்குதே. எனக்கு கண்ணு தெரியாதா?"

மூன்றாவது கடையில் என் பொறுமை தீர்ந்தது. "அண்ணி, ஆஸ்பத்திரில படுத்துருக்கீங்க! அங்க யாரு ஒங்கள பாக்கப்போறா?"

"ஏன், நான் இருக்கேன்ல?"

"பசிக்குது அண்ணி எனக்கு!"

"நான் சொன்னா ஏன் கத்துற? வயிறு இழுக்குது, சிரிப்பு காட்டாத."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "ஊதா நெறத்துல கெடைக்குமான்னு கேளு. அதான் இவளுக்கு எடுக்கும்."

"ஊதா எல்லாரும் போடுறாங்க அத்தை" என்று அண்ணி சொல்வதும் கேட்டது.

மழை தூற ஆரம்பித்திருந்தது. கடைகளுக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சீனக் கிழவர், கைபேசியைப் பார்த்து நான் பல்லைக் கடிப்பதை வேடிக்கை பார்த்தார்.

"இதுக்கு மேல எங்க போறது? நீங்களே சொல்லுங்க."

"நீ இப்ப நிக்கிற எடத்துலருந்து நேரா போயி, இடது பக்கம் திரும்பு. பல் டாக்டர் கடைக்கு மேல் மாடி. ஒரு வயசான அம்மா தைக்கிறாங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு தைக்க மாட்டாங்க. நான் போனதில்ல, பஸ்ல ஒருத்தி சொன்னா." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "படி கொஞ்சம் செங்குத்தா இருக்குமாம். பாத்து ஏறு."

நான் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, நேராகப் போய், இடது பக்கம் திரும்பினேன்.